கட்டியவனின் ஆட்சேபம்

சுவர் என்ற சொல் ஒரு கவிதையில் வந்துவிட்டால் போதும், நம் விமர்சகன் அந்தச் சுவரைப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறான். அதைத் துளைத்துக்கொண்டு அப்பால் போகிறான். அங்கே அவனுக்கு மனிதனுக்கும் மனிதனுக்கும் நடுவிலுள்ள பிரிவு கிடைக்கிறது, அந்நியமாதல் கிடைக்கிறது, ஒன்றுமே கிடைக்காதபோது மரணம் கிடைக்கிறது. சுவர் எந்தக் கல்லால் ஆனது, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, அதன் முதுகில் மண் இருக்கிறதா வெறும் காற்றா என்பதெல்லாம் கொத்தனாரின் கவலை என்று விடப்படுகிறது. பொருளின் கனத்தைக் கழித்துவிட்டால் மிஞ்சுவதுதான் குறியீடு என்று நாம் நம்ப ஆரம்பித்துப் பல வருஷங்கள் ஆகின்றன. கழித்துவிட்ட அந்தக் கனத்தைப் பற்றித்தான் இங்கே எழுத நினைக்கிறேன். அதற்காக ஒரு கவிதையையும் ஒரு வழக்கையும் அருகருகே வைக்கிறேன். கவிதை, ராபர்ட் ஃப்ராஸ்ட்டின் ‘மெண்டிங் வால்’. வழக்கு, கலிஃபோர்னியாவில் கடலைப் பார்த்து நிற்கும் ஒரு செங்குத்துக் கரையின் அடியில் கட்டப்பட்ட தாங்குசுவரைப் பற்றியது.

1

ஃப்ராஸ்ட்டின் கவிதை 1914இல் லண்டனில் வெளியான ‘நார்த் ஆஃப் பாஸ்டன்’ தொகுதியில் இருக்கிறது. ஆங்கில இலக்கியம் படித்தவர்களில் பலருக்கு அது பாடமாக வந்து, பாடமாகவே முடிந்துபோன கவிதை. வசந்தத்தில் இரண்டு பண்ணைக்காரர்கள் தங்கள் நிலங்களுக்கு நடுவே சரிந்துபோன கல்சுவரின் இரு புறமும் நடந்து, அவரவர் பக்கம் விழுந்த கற்களை எடுத்து வைக்கிறார்கள். பேசுகிறவனுக்குச் சுவரில் நம்பிக்கையில்லை. அவன் பக்கம் ஆப்பிள் மரங்கள், அண்டைக்காரன் பக்கம் பைன் மரங்கள். தாண்டிப்போக ஒரு மாடுகூட இல்லை. அண்டைக்காரனோ வேலி ஒழுங்காக இருந்தால்தான் அக்கம்பக்கம் ஒழுங்காக இருக்கும் என்ற தன் அப்பன் காலத்துப் பழமொழியை விடுவதாயில்லை. வகுப்பறை நோட்ஸ் இத்தோடு முடிவுக்கு வந்துவிடும். முன்னவன் திறந்த மனம், பின்னவன் மூடிய மனம், சுவர் கெட்டது. 1962இல், பெர்லின் சுவர் எழுந்த மறு வருஷம், ஃப்ராஸ்ட் மாஸ்கோ போய் இதைப் படித்தபோது கேட்டவர்களும் அந்தச் சுவரைத்தான் நினைத்தார்கள். அவர்களுக்கு அதற்கு அவசரமான காரணம் இருந்தது. நமக்கு அது இல்லை.

இந்த வாசிப்பில் இரண்டு ஸ்தூலமான விஷயங்கள் தொலைந்துபோகின்றன. ஒன்று, சுவரைத் தள்ளுவது எது என்பது. குளிர்காலத்தில் மண்ணுக்குள் இருக்கும் நீர் உறைகிறது. உறையும்போது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு பருமன் கூடுகிறது. தரை வீங்கி மேலே இருக்கும் கற்களை உருட்டிவிடுகிறது. அதாவது சுவரை விரும்பாத அந்த ஏதோ ஒன்று உறைபனி. கவிஞரின் பெயருக்கும் அதுதான் அர்த்தம். நம் ஊரில் தரை உறைவதில்லை. அதனால் தமிழில் இந்தக் கவிதையைப் பற்றிப் பேசும்போது அந்த ஏதோ ஒன்று சட்டென்று பிரபஞ்ச சக்தியாகிவிடுகிறது.

இரண்டாவது விஷயம் இன்னும் முக்கியம். சுவர் கட்ட நாள் குறிப்பது யார்? அண்டைக்காரன் இல்லை. சுவரை நையாண்டி செய்கிறவன்தான் குன்றுக்கு அப்பால் இருக்கிற அண்டைக்காரனுக்குத் தகவல் சொல்கிறான். முயலை விரட்டிவந்த வேட்டைக்காரர்கள் கலைத்துப்போட்ட இடங்களைத் தனியாகப் போய்ச் சரிசெய்கிறவனும் அவன்தான். கல்லைத் தூக்கித் தூக்கி அவன் விரலும் காய்த்துப்போகிறது. வேண்டாம் என்கிறவன் கட்டுகிறான். கட்டிக்கொண்டே வேண்டாம் என்கிறான். கவிதை இந்த இரண்டில் எதையும் கைவிடவில்லை. அதன் உயிர் இங்கேதான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

2

சுவர்கள் இரண்டு ஜாதி. எல்லைச் சுவரும் தாங்குசுவரும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் அவற்றின் வாழ்க்கை வேறு. எல்லைச் சுவர் தன் கனத்தை மட்டும் சுமக்கிறது. இரண்டு பக்கமும் காற்று. அது விழுந்தால் கற்கள்தான் விழும். தாங்குசுவரின் முதுகில் மண் சாய்ந்துகொண்டிருக்கிறது, இரவு பகலாக. மழை பெய்தால் அந்த மண்ணில் நீர் ஏறி அழுத்தம் பல மடங்காகிறது. அதனால்தான் அதில் நீர் வடிவதற்குத் துளைகள் விட்டுக் கட்டுகிறார்கள். துளைகள் அடைத்துக்கொண்டால் எவ்வளவு தடிமனான சுவரும் பிதுங்கிச் சரியும். அப்படிச் சரிகையில் சுவர் மட்டும் போவதில்லை, மேலே இருக்கும் வீடும் சேர்ந்து இறங்குகிறது.

கடலோரச் செங்குத்துக் கரையில் இது இன்னும் சிக்கலாகிறது. பின்னாலிருந்து மண் தள்ளுகிறது, முன்னாலிருந்து அலை அறைகிறது. தென் கலிஃபோர்னியாவில் ஸான் டியேகோவுக்கு வடக்கே உள்ள என்ஸினிடாஸ் நகரத்தின் கரை, அடியில் மணற்பாறை, மேலே அதைவிட இளகிய மண். அலை அடிப்பாறையைக் குடைகிறது. குடைவு ஆழமானதும் மேல் பாகம் ஒரு நாள் எச்சரிக்கையில்லாமல் இறங்குகிறது. 2019 ஆகஸ்ட் 2ஆம் தேதி அந்த நகரத்தின் கிராண்ட்வியூ கடற்கரையில் அப்படி இறங்கிய மண், மணலில் உட்கார்ந்திருந்த ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று பெண்களைக் கொன்றது. இங்கே சுவர் வேண்டும் என்கிறவனை மூடிய மனம் என்று சொல்லிவிட முடியாது.

சுவர் வேண்டாம் என்கிறவனையும் அப்படி ஒதுக்க முடியாது. கரையிலிருந்து உதிரும் மண்தான் கீழே கடற்கரை மணலாகிறது. மலையிலிருந்து மணல் கொண்டுவந்த ஆறுகளில் அணைகள் கட்டிவிட்ட பிறகு, கரை உதிர்வதுதான் அந்தக் கடற்கரைக்கு மிஞ்சிய வரவுகளில் ஒன்று. சுவர் அந்த வரவை நிறுத்துகிறது. கடல் உள்ளே வந்துகொண்டிருக்க, பின்பக்கம் சுவரால் ஆணியடித்தாற்போல் நின்றுவிடுவதால், நடுவிலிருக்கும் மணல் ஒவ்வொரு வருஷமும் குறுகி ஒரு நாள் இல்லாமல் போகிறது. சுவர் முடிகிற முனையில் அலை வளைந்து, சுவர் கட்டாத பக்கத்து வீட்டின் அடியைக் கூடுதலாக அரிக்கிறது. ஆகவே பக்கத்து வீட்டுக்காரரும் கட்ட வேண்டியதாகிறது. ஒரு சுவர் அடுத்த சுவரை ஈனுகிறது. இதைத் தெரிந்துகொள்ள அமெரிக்கா வரை போகவேண்டாம். 1980களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கற்களைக் கொட்டிய பின் நகரத்தின் மணல் போயிற்று. நகரத்தைக் காக்கக் கல் கொட்டிய பின் அரிப்பு வடக்கே மீனவர் குப்பங்களுக்கு நகர்ந்தது. வேலி ஒழுங்காக இருந்தால் அக்கம்பக்கம் ஒழுங்காக இருக்கும் என்ற பழமொழியைக் கடற்கரையில் தலைகீழாகத்தான் சொல்ல வேண்டும்.

3

இனி வழக்கு. என்ஸினிடாஸில் கரையின் உச்சியில் அடுத்தடுத்து இரண்டு வீடுகள். இரண்டு வீட்டாருக்கும் கடலுக்கு இறங்க ஒரே படிக்கட்டு, இருவரையும் காக்க 1980களில் கட்டிய ஒரே சுவர். ஃப்ராஸ்ட்டின் அண்டைக்காரர்களுக்கு நேர் எதிர். இவர்களை அந்தச் சுவர் சேர்த்துவைத்தது. 2010 டிசம்பர் புயலில் சுவரின் ஒரு பகுதி இடிந்து படிக்கட்டின் அடிப் பாகமும் போயிற்று. 2011இல் கலிஃபோர்னியாவின் கடலோர ஆணையம் புதிய சுவருக்கு அனுமதி கொடுத்தது. ஆனால் படிக்கட்டின் அடிப் பாகத்தைத் திரும்பக் கட்டக்கூடாது. சுவருக்கான அனுமதியும் 20 வருஷத்துக்குத்தான், பிறகு மறுபடியும் வந்து கேட்க வேண்டும். இரு வீட்டாரும் நிபந்தனைகளைச் சொத்து ஆவணத்தில் பதிவுசெய்து கையெழுத்திட்டார்கள். அதே சமயம் நிபந்தனைகளை எதிர்த்து வழக்கும் போட்டார்கள். வழக்கு நடக்கும்போதே சுவரைக் கட்டியும் விட்டார்கள்.

2017 ஜூலையில் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அனுமதியின் பலனை எடுத்துக்கொண்டவர்கள் அதன் சுமையை எதிர்க்கும் உரிமையை இழந்துவிட்டார்கள் என்பது அதன் சாரம். 20 வருஷக் கெடு நியாயமா என்ற கேள்விக்குள் நீதிமன்றம் போகவேயில்லை. கட்டினாய், ஆகவே ஆட்சேபிக்க முடியாது. அவ்வளவுதான்.

இந்த வாக்கியத்தை ஃப்ராஸ்ட்டின் கவிதையில் வரும் ஆளிடம் சொல்லிப் பார்க்கலாம். நாள் குறித்தவன் நீ, கல் சுமந்தவன் நீ, இப்போது சுவர் எதற்கு என்று எப்படிக் கேட்கிறாய்? சட்டத்தில் அவன் வழக்குத் தோற்றுப்போகும். கவிதையில் அவன் தோற்பதில்லை, ஜெயிப்பதும் இல்லை. சட்டத்துக்கும் கவிதைக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடத் தெளிவாக நான் எங்கும் பார்த்ததில்லை. சட்டத்துக்கு ஒரு மனிதன் ஒரு பக்கத்தில் நிற்க வேண்டும். அது சட்டத்தின் குறை என்று நான் சொல்லவில்லை. முடிவெடுக்க வேண்டிய இடத்தில் வேறு வழியில்லை. கவிதை முடிவெடுக்க வேண்டியதில்லை. செய்துகொண்டிருப்பதையே சந்தேகிக்கிற மனிதனை முழுதாக வைத்திருக்க அதற்கு முடிகிறது.

இதே கடலோரச் சட்டத்தின் ஒரு சொல்லைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். விமர்சகன் நீதிபதியிடம் வாசிப்புப் பழகலாம் என்பதற்கு அது அத்தாட்சி. 1976இல் இயற்றிய அந்தச் சட்டம், அரிப்பால் ஆபத்தில் இருக்கும் ‘எக்ஸிஸ்டிங்’ கட்டடங்களைக் காக்கச் சுவர் கட்ட இடம் தருகிறது. இந்த ஆங்கிலச் சொல்லில் காலம் இல்லை. தமிழில் மொழிபெயர்க்க உட்கார்ந்தால் நாம் உடனே மாட்டிக்கொள்வோம்: இருந்த கட்டடமா, இருக்கிற கட்டடமா, இருக்கும் கட்டடமா? நம் பெயரெச்சம் காலத்தைச் சொல்லாமல் நம்மை விடாது. ‘இருக்கும்’ என்று போட்டுத் தப்பிக்கலாம். அது இன்றைக்கும் நாளைக்கும் பொதுவாக நிற்கும். ஆங்கிலத்தில் அந்தத் தப்பித்தல் சொல்லிலேயே இருந்ததால், சட்டம் அமலுக்கு வந்த 1977 ஜனவரி 1இல் இருந்த கட்டடமா, சுவருக்கு மனுப்போடும் நாளில் இருக்கிற கட்டடமா என்று பல வருஷங்கள் சண்டை நடந்தது. ஹாஃப் மூன் பே என்ற ஊரில் 2016 புயல்களுக்குப் பின் இந்தச் சண்டை கூர்மையாயிற்று. ஒரே கரையில் 1972இல் கட்டிய ஒரு வாடகைக் குடியிருப்பும், 1984இல் கட்டிய சொந்த வீட்டுக் குடியிருப்பும். 2024 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ‘இருந்த’ என்று வாசித்தது. 1972க்குச் சுவர் உண்டு, 1984க்கு இல்லை. கடலுக்கு இந்தப் பன்னிரண்டு வருஷ வித்தியாசம் தெரியாது. ஆனால் ஒரு எச்சத்தின் காலத்தில் சில குடும்பங்களின் வீடு தொங்கிக்கொண்டிருக்கிறது என்பதை அறிந்த வாசகன், கவிதையில் ஒரு எச்சத்தைச் சும்மா தாண்டிப்போக மாட்டான்.

4

நான் வங்கியில் அடமானக் கடனுக்கு வரும் பத்திரங்களைப் படிக்கிற நாற்காலியில் இருக்கிறேன். பத்திரத்தில் நான் முதலில் தேடுவது செக்குபந்தி. இன்னார் வீட்டுக்குக் கிழக்கு, இன்னார் காலிமனைக்கு மேற்கு, தெருவுக்குத் தெற்கு, வாய்க்காலுக்கு வடக்கு. நான்கு பக்கமும் அண்டையாரைச் சொல்லித்தான் நம் சொத்து தன்னைச் சொல்லிக்கொள்கிறது. அந்த என்ஸினிடாஸ் வீடுகளுக்கு யாராவது செக்குபந்தி எழுதினால் மேற்கே என்ன எழுதுவது? கலிஃபோர்னியாவில் சராசரி உயர் அலைக் கோட்டுக்குக் கடல் பக்கமாக இருப்பது பொதுமக்களுடையது. அந்தக் கோடோ நகர்கிற கோடு. கரை அரிந்தால் கோடு உள்ளே வரும், பொதுமக்களும் கூடவே உள்ளே வருவார்கள். சுவர் கட்டிவிட்டால் கோடு சுவரில் வந்து முட்டி நிற்கும். பொதுமக்களுக்கு நடக்க இடம் இருக்காது.

ஆகவே இந்தத் தகராறில் மூன்றாவது அண்டையார் ஒருவர் இருக்கிறார். கீழே மணலில் நடந்துபோகிறவர், நீந்துகிறவர், இன்னும் பிறக்காதவர். அவருக்குப் பத்திரம் கிடையாது, பெயரும் கிடையாது. ஆணையம் அவர் சார்பாகத்தான் 20 வருஷம் என்று கெடு வைக்கிறது. வீட்டுக்காரரிடம் வீடு மட்டும் இருக்கிறது. 20 வருஷம் முடிகிறபோது அவருக்குத் தள்ளாத வயதாகியிருக்கும். கடன் கொடுக்கிறவன் கண்ணால் பார்த்தால், கெடு உள்ள சுவரின்மேல் நிற்கும் வீடு முப்பது வருஷ அடமானத்துக்கு ஆகாது. இரண்டு நியாயங்களும் முழுசானவை. ஒன்றைப் பொய் என்று தள்ளிவிட்டு மற்றதைப் பற்றி நல்ல கவிதை எழுத முடியாது.

இந்த வெளிச்சத்தில் ஃப்ராஸ்ட்டின் கவிதைக்கு ஒரு குறையும் தெரிகிறது. அங்கே மூன்றாமவர் இல்லை. வேட்டைக்காரர்கள் வந்து கலைத்துவிட்டுப் போகிறார்கள், அவ்வளவுதான். இரண்டு பேருக்குள்ளேயே எல்லாம் முடிந்துவிடுகிற சுவர் அது. யாரைச் சுவருக்கு உள்ளே வைக்கிறோம், யாரை வெளியே விடுகிறோம் என்று அவன் கேட்பதும் ஆப்பிளையும் பைனையும் வைத்துக்கொண்டுதான். எல்லைச் சுவரை மட்டும் அறிந்த கவிதைக்கு அது எல்லை.

5

தாங்க வேண்டிய கரையின்மேலேயே உட்கார்ந்து எழுதிய கவிஞர் ஒருவர் உண்டு. ராபின்ஸன் ஜெஃபர்ஸ் (1887–1962). கலிஃபோர்னியாவில் கார்மெல் ஊருக்கு 1914இல் வந்தார். 1919இல் கடல்முனையில் வீடு எழுந்தபோது கொத்தனாரிடம் கூலியாளாகச் சேர்ந்து கல்வேலை கற்றார். பிறகு கீழே கடற்கரையிலிருந்து பாறைகளை உருட்டிவந்து, பல வருஷம் ஒற்றை ஆளாக ஒரு கோபுரத்தையே கட்டி முடித்தார். டார் ஹவுஸ், ஹாக் டவர் என்ற அந்த இரண்டும் இன்றும் நிற்கின்றன. சுற்றிலும் நூற்றுக்கணக்கில் மரங்களை நட்டுத் தண்ணீர் ஊற்றினார். கல்லின் கனத்தைக் கையால் அறிந்த கவிஞர். எனக்கு அவர்மேல் உள்ள மரியாதையில் பெரும் பகுதி அதற்காகத்தான்.

பிற்காலத்தில் அந்த முனையில் வீடுகள் பெருகின. ‘கார்மெல் பாயிண்ட்’ என்ற கவிதை அதைப் பற்றியது. அழகான இடத்தைப் புறநகர் வீடுகள் கெடுத்துவிட்டன என்று ஆரம்பித்து, நிலம் இதைப் பொருட்படுத்துவதில்லை, மனிதர்கள் ஏறி வடியும் ஓதம்தான், நாம் நம்மை மையத்திலிருந்து நகர்த்திக்கொள்ள வேண்டும் என்று முடிகிறது. 1948இல் ‘தி டபுள் ஆக்ஸ்’ முன்னுரையில் மனிதமையத்தை விட்ட பார்வை என்று அவர் பெயரிட்டு வாதித்த தத்துவத்தின் சுருக்கம் அது. பெரிய கவிதைதான். ஆனால் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். அந்த முனையில் முதலில் வீடு கட்டியவர்களில் ஒருவர் யார்? கெடுத்த வீடுகளின் கணக்கில் அவர் வீடு இல்லை. தாம் முதன்முதல் பார்த்த நாளின் நிலக்காட்சியை அவர் ஆதி என்று வைத்துக்கொள்கிறார். சட்டத்துக்கு 1977 ஜனவரி 1 எப்படியோ, அவருக்கு அந்த நாள் அப்படி. அதற்கு முன் ‘இருந்தது’ அழகு, பின் வந்தது அத்துமீறல். கடல் ஏறிவரும் கரையைச் சொல்லும்போது ஓர் உடைமைச் சொல் கவிதைக்குள் நுழைந்துவிடுவதைக் காது கொடுத்தால் கேட்கலாம்.

இன்னொன்று. பாறையைப் போல் நிச்சயமாக இருக்கச் சொல்கிறாரே, அது எந்தப் பாறை? கார்மெல் முனை கருங்கல். மனித ஆயுளில் அது அசைவதில்லை. அதன்மேல் உட்கார்ந்தால் இயற்கையின் பொறுமையைப் பற்றி எழுத முடியும். என்ஸினிடாஸின் மணற்பாறையில் உட்கார்ந்தால் அந்தப் பொறுமை கைகூடாது. அங்கே நிலம் மனிதனைவிட அவசரத்தில் இருக்கிறது. ஜெஃபர்ஸின் தத்துவத்துக்கு அஸ்திவாரம் கருங்கல் என்பதை உவமையாகச் சொல்லவில்லை. பூகோளமாகவே சொல்கிறேன். அதனால் தத்துவம் பொய்யாகிவிடாது. ஆனால் எந்தக் கல்மேல் நின்று பேசுகிறோம் என்பது கவிதைக்கு வெளியே உள்ள தகவல் என்று இனி நான் ஒப்புக்கொள்ளத் தயாராயில்லை.

ஃப்ராஸ்ட், ஜெஃபர்ஸ் இருவரும் கட்டியவர்கள், இருவரும் ஆட்சேபித்தவர்கள். வித்தியாசம், ஃப்ராஸ்ட்டின் கவிதைக்குள் கட்டிய கை தெரிகிறது. ‘கார்மெல் பாயிண்ட்’டில் அது மறைந்துவிடுகிறது. ஆளுமையில் ஜெஃபர்ஸ் பெரியவராக இருக்கலாம். இந்த இரண்டு கவிதைகளில் ஃப்ராஸ்ட்டினுடையதுதான் நேர்மையானது.

6

நம்மிடம் வருகிறேன். புதுக்கவிதை என்ற பெயரில் சுவரை எதிர்த்து எழுதப்பட்டவற்றைத் திரட்டினால் ஒரு நல்ல தாங்குசுவருக்குப் போதுமான கனம் சேரும். அவற்றில் எத்தனை பேர் ஒரு கல்லைத் தூக்கி வைத்தவர்கள்? அறை, ஜன்னல், சுவர், தனிமை. இந்த அறை யாருடையது, வாடகை யார் கொடுக்கிறார்கள், சுவரை எடுத்துவிட்டால் யார் தலையில் எது விழும் என்ற கேள்விகள் கவிதைக்குள் வருவதில்லை. சுவர் தானாக முளைத்தாற்போலவும் கவிஞன் அதில் அடைபட்டாற்போலவும் எழுதுகிறோம். ஆட்சேபம் இருக்கிறது, கட்டியதற்கான அத்தாட்சி இல்லை. உத்தியோகமும் வீட்டுக்கடனும் ஜாதியும் குடும்பமும் நாம் வருஷா வருஷம் நாள் குறித்து, ஆள் சொல்லியனுப்பி, நிமிர்த்தி வைக்கிற சுவர்கள். அவற்றின் முதுகில் மண் இருக்கிறது. மேலே வீடு இருக்கிறது. கீழே பத்திரத்தில் பெயரில்லாத ஒருவர் நடந்துகொண்டிருக்கிறார்.

சுவர் வேண்டாம் என்று எழுதாதே என்று நான் சொல்லவில்லை. கட்டியவனுக்கு ஆட்சேபிக்க உரிமையில்லை என்பது நீதிமன்றத்தின் வாக்கு. அதைக் கவிதையில் ஏற்க வேண்டிய அவசியமில்லை. கட்டியவன் ஆட்சேபித்தால்தான் அது கவிதை. ஆனால் கட்டினேன் என்ற கையெழுத்து கவிதையில் எங்காவது இருக்க வேண்டும்.